ஐம்பது சொல்லும் வரை

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, பள்ளி ஆய்வாளர் ஒருவர் என் வகுப்புக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஒரு பிள்ளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வருகிறது. நடுவில் யாரோ கூப்பிட, நிறுத்திவிடுகிறது. மறுபடி எண்ணும்போது ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வீர்களா, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வீர்களா?" எளிய கேள்விதான். நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிவிட்டேன். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

விடை எனக்குத் தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அதை விளக்குவதைவிட அப்போதைய கடிதங்களையே கொடுத்துவிடுகிறேன். என் தம்பி குற்றாலநாதன் பினாங்குத் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கும் வேலையில் இருந்தான்; மனைவி தங்கத்தாயுடன் அங்கேயே குடியிருந்தான். நான் எழுதும் கடிதங்களுக்கு நகல் வைத்துக்கொள்வது பழைய பள்ளிக்கூடப் பழக்கம்.

*

பினாங்கு
12-9-1984

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி குற்றாலநாதன் எழுதுவது. நானும் தங்கத்தாயும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாரல் முடிந்துவிட்டதா?

போன வருஷம் இங்கே ஒரு போட்டியில் கலந்துகொண்டதை உங்களுக்கு எழுதவில்லை. டிரையத்லான் என்பார்கள். முதலில் கடலில் மூன்று கிலோமீட்டர் நீச்சல், கரையேறிய கையோடு நூற்றுப்பத்து கிலோமீட்டர் சைக்கிள், பிறகு முப்பது கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். சொல்லாததற்குக் காரணம், தொடங்கிப் பத்து நிமிஷத்தில் என்னைப் படகில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். கையும் காலும் நன்றாக இருந்தன. நீர் ஆழமானதும் மனசு பூட்டிக்கொண்டது. டாக்டர் ஒரு குறையும் இல்லை என்கிறார்.

வருகிற பிப்ரவரி பத்தாம் தேதி மறுபடி போட்டி. எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்தத் தடவை முடிக்காவிட்டால் இனி நான் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்று தெரியும். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற லிம் என்ற சீனர் ஒரு வழி சொல்கிறார். கண்ணை மூடி உட்கார்ந்து, போட்டி முழுவதையும் மனசுக்குள் ஓட வேண்டும். ஒரு திருப்பத்தைக்கூடத் தாண்டிப் போகக்கூடாது. பத்து மணி நேரம் என்றால் பத்து மணி நேரம்.

இந்த ஊர்க் கடல் என் மனசில் நிற்கவில்லை. அதனால் நம் ஊரில் ஓடலாம் என்று இருக்கிறேன். மேலக்குளத்தில் நீச்சல், தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகப் புளியறை வரை கிலோமீட்டர் கணக்கு நிறையும் வரை போகவர சைக்கிள், இலஞ்சி வழியாகக் குற்றாலத்துக்கு அதேபோல் போகவர ஓட்டம். ரோடு இப்போது எப்படி இருக்கிறது, எங்கே மேடு, எங்கே நிழல் என்று எழுதுங்கள். குளத்தையும் எழுதுங்கள்.

"நாற்காலியில உக்காந்து சைக்கிள் ஓட்டுத ஆள இப்பதான் பாக்கேன்" என்கிறாள் தங்கத்தாய்.

அன்புத் தம்பி,
குற்றாலநாதன்

*

தென்காசி
27-9-1984

தம்பி குற்றாலநாதனுக்கு அக்கா செண்பகவல்லி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால், படி ஏறும்போது மட்டும் என்னை விசாரிக்கிறது. தங்கத்தாயை மிகவும் கேட்டதாகச் சொல்.

பதினாறாம் வாய்ப்பாடு என்றதும் அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பதினாறு என்றே சொல்லமாட்டேன். "முதல் வரி மட்டும் சொல்" என்பேன். சொல்லும். "அதற்கு அடுத்தது?" என்பேன். கடைசி வரி வந்த பிறகுதான் வாய்ப்பாடு முழுவதையும் சொல்லிவிட்டது பிள்ளைக்குத் தெரியவரும். நீயும் மூன்று கிலோமீட்டரை நினைக்காதே. அடுத்த வீச்சை மட்டும் நினை. ஆனால் வீச்சுகளை எண்ணாதே. அது உதவாது. தெரிந்த பாட்டு ஏதாவது மனசுக்குள் பாடிக்கொள்.

உனக்காகப் பஸ்ஸில் போய்ப் பார்த்துவந்தேன். செங்கோட்டை ரயில்வே கேட் வரை ரோடு நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு லாரிகள் பள்ளம் பறித்திருக்கின்றன. புளியறைக்கு ஒரு மைல் முன்பிருந்தே மேடு. செக்போஸ்டை ஒட்டி இரண்டு புது பரோட்டாக் கடைகள். திரும்பி வருகையில் மலைக்காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். இலஞ்சி தாண்டியதும் நிழல்தான், நீ பயப்பட வேண்டாம்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பினாங்கு
15-10-1984

அன்புள்ள அக்காவுக்கு. உங்கள் கடிதம் கிடைத்த நாளிலிருந்து மனசில் ரோடு பிடிபட்டுவிட்டது. காற்று முதுகில் தள்ளுவதுகூடத் தெரிகிறது. இங்கே எல்லாரும் சுகம்.

வார நாட்களில் வேலை முடிந்ததும் நீச்சலை மட்டும் பழகுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுப் போட்டி. நேற்று புளியறை செக்போஸ்டுக்கு முந்தின வளைவில் ஒரு லாரி சாய்ந்து கிடந்தது. ரோடெல்லாம் அன்னாசிப்பழம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தேன். லிம்மிடம் சொன்னேன். மனசு தானாகத் தடைகளை வைக்கத் தொடங்கினால் பயிற்சி நன்றாக நடக்கிறது என்று அர்த்தமாம்.

ஒன்று கேட்க வேண்டும். குளத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மடையிலிருந்து கிளம்பிப் பாதிக் குளம் போனதும் எனக்கு முன்னால் ஒருவர் நீந்துகிறார். நான் மனசில் வைத்த ஆள் இல்லை. நம் குளத்தில் அவ்வளவு தூரம் யாராவது நீந்துவார்களா? கணக்கு டீச்சர் எண்ணாதே என்பதும் வேடிக்கையாக இருக்கிறது. லிம் எண்ணத்தான் சொல்கிறார்.

குற்றாலநாதன்

*

தென்காசி
5-11-1984

தம்பி குற்றாலநாதனுக்கு. மழை பிடித்துக்கொண்டது. ஊரில் எல்லாருக்கும் சளி, எனக்கும் கொஞ்சம். உங்கள் இருவர் சுகத்தையும் எழுதிக்கொண்டிரு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் புளியறை பஸ் கண்டக்டரிடம் விசாரித்தேன். அக்டோபர் பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நீ சொன்ன வளைவில் அன்னாசி லாரி சாய்ந்தது உண்மை. "ஒருத்தர் சைக்கிளத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாவ, டீச்சர். மழையே இல்ல, ஆனா மனுசன் தொப்பலா நனைஞ்சிருந்தாவ" என்றும் சொன்னார். எத்தனையோ பேர் சைக்கிளில் போகிறார்கள்.

நீச்சலை வேறு இடத்தில் வைத்துக்கொள். பிள்ளைக்கு ஒரு உதாரணம் விளங்காவிட்டால் உதாரணத்தை மாற்ற வேண்டும், பிள்ளையை அடிக்கக்கூடாது. தாமிரபரணியில் நீந்து. அகலமான ஆறு, ஆட்கள் இருப்பார்கள்.

சுந்தரபாண்டியபுரத்தில் இந்த வருஷம் சூரியகாந்தி நன்றாக வந்திருக்கிறது.

அக்கா

*

பினாங்கு
28-11-1984

அன்புள்ள அக்காவுக்கு. சளி குறைந்ததா? மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. தாமிரபரணியில் இறங்கிப் பார்த்தேன். பத்து வீச்சில் மேலக்குளத்துக்கே வந்துவிடுகிறேன்.

இப்போது அவரை நன்றாகப் பார்க்க முடிகிறது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பின்தலையில் நரை. முதுகு அப்பாவின் முதுகு. இடுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டுகிற கறுப்பு அரைஞாண். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நீச்சலை நிறுத்தி, தலையைத் தூக்கி, கரைப் பக்கம் காதைக் கொடுக்கிறார். ஏதோ கேட்க வேண்டியது கேட்காதது போல. பிறகு மறுபடி நீந்துகிறார். எவ்வளவு வேகமாகப் போனாலும் எனக்கும் அவருக்கும் இருக்கிற தூரம் குறைவதில்லை. அவர் பின்னால் போகும்போது எனக்குப் பயமே இல்லை, அக்கா. அதுதான் ஆச்சரியம். மனசு பூட்டிக்கொள்வதே இல்லை.

ஆனால் திரும்பி வருவதற்கு வரவர நேரமாகிறது. போன ஞாயிறு தங்கத்தாய் உலுக்கித்தான் கண் திறந்தேன். உதடு நீலம் பாரித்திருந்ததாம். என் காதைத் துண்டால் துடைத்தவள், "இது என்ன, பச்சையா?" என்று துண்டைக் காட்டினாள். பாசி.

அவர் யார்?

குற்றாலநாதன்

*

தென்காசி
10-12-1984
(தபாலில் சேர்க்காதது)

தம்பி, உனக்குச் சுகம் கேட்டு எழுத இன்று கை வரவில்லை.

உனக்கு ஓர் அண்ணன் இருந்து காய்ச்சலில் போனான் என்று மட்டும் சொல்லி வளர்த்தோம். பலவேசம் காய்ச்சலில் போகவில்லை. 1939 ஐப்பசியில் மேலக்குளத்தில் போனான். அவனுக்குப் பதினொரு வயது, எனக்குப் பதின்மூன்று, உனக்கு மூன்று. நீ என் இடுப்பில் இருந்தாய்.

எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. நீந்துகிறவனால் எண்ண முடியாது. அதனால் நான் மடைக்கல்லில் நின்று சத்தமாக எண்ணுவேன். ஐம்பது சொன்னதும் அவன் திரும்ப வேண்டும். ஐம்பதுக்குப் போனால் திரும்பி வரத் தெம்பு இருக்கும். அது எங்கள் அளவு. ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று முப்பத்தேழு சொன்னபோது அம்மா கரைக்குக் கீழே இருந்து "ஏட்டி செண்பகம்" என்று கூப்பிட்டாள். "வாரேம்மா" என்றேன். திரும்பிப் பார்த்தால் எந்த எண்ணில் விட்டேன் என்பதே குழம்பிவிட்டது; முப்பத்தேழு என்று அன்று இரவுதான் ஞாபகம் வந்தது. எண்ணிக்கை விட்டுப்போனால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்று என்று தொடங்கினேன். முப்பத்தேழு கேட்டவன், ஒன்று கேட்டதும், அக்கா இன்றைக்குப் புது ஐம்பது தருகிறாள் என்று நினைத்திருப்பான். போய்க்கொண்டே இருந்தான். நான் இருபது சொன்னபோது தலை தெரியவில்லை.

இருபதோடு நின்றது. ஐம்பதை நான் சொல்லவே இல்லை. அவன் பேரை வீட்டில் சொல்லக்கூடாது என்று அம்மா விதி வைத்தாள். முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவள், வகுப்பு சேர்ந்து எண்ணும்போது நாற்பதுக்கு மேல் உள்ளே நின்றதில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய்விடுவேன்.

நேற்று மடை பார்க்கிற சுடலையாண்டி சந்தையில் என்னைப் பார்த்துக் கேட்டார். "டீச்சரம்மா, உங்க தம்பி ஊருக்கு வந்திருக்காவளா? ஞாயித்துக்கிழமை விடிய குளத்துல நீந்துதாவ." ஆள் மாறிப் பார்த்திருப்பீர்கள் என்றேன். "ரெண்டு பேரு நீந்துதாவ. ஒருத்தர்தான் திரும்புதாவ. அவியளும் வாரவாரம் கொஞ்சம் பிந்தித்தான் வாராவ" என்றார்.

இதை எப்படி உனக்கு அனுப்புவேன்?

*

தென்காசி
20-12-1984

தம்பி குற்றாலநாதனுக்கு. எனக்குச் சளி விட்டுவிட்டது. தங்கத்தாயும் நீயும் நலமாயிருக்கச் செண்பகாதேவி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இந்த வருஷம் போட்டி வேண்டாம். காரணம் கேட்காதே. நாற்காலியில் உட்காருவதையும் விட்டுவிடு. அக்கா உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

*

பினாங்கு
14-1-1985

மதினி அவர்களுக்குத் தங்கத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. பொங்கல் நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்குப் பால் பொங்கியது. மனசு பொங்கவில்லை.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவருக்கு தினமும் நாற்காலிதான். கூப்பிட்டால் கேட்பதில்லை. கன்னத்தில் தட்டினால் ஈரம் கையில் ஒட்டுகிறது. நேற்று என் பொறுமை போய்விட்டது. "ஏன், அங்கன எவளும் வச்சிருக்கியளா?" என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை. "ஒரு ஆள் காத்துக்கிட்டு இருக்காவ தங்கம். போட்டி அன்னைக்கி எட்டிப் புடிச்சி, பேரு கேட்டிருவேன். அது வரைக்கும் என்னைத் தடுக்காத" என்றார்.

அலை இறங்குகிற நேரம் பார்த்துப் பத்தாம் தேதி காலை எட்டரை மணிக்குத் தொடங்குகிறார்கள். உங்களுக்கு ஏதோ தெரியும், மதினி. தெரிந்ததை எழுதுங்கள். என் தாலி அந்தத் தண்ணீரில் கிடக்கிறது.

தங்கத்தாய்

*

தென்காசி
27-1-1985

அன்புள்ள தங்கத்தாய்க்கு. நீ தைரியமாக இருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன்.

போட்டி வேண்டாம் என்று நான் எழுதியது தப்பு. கடலில் காவலுக்குப் படகு இருக்கிறது. நாற்காலியில் யார் காவல்? அவனைப் போட்டிக்குப் போக விடு. இது கிடைத்த நாள் முதல் அது வரை நாற்காலியைப் பூட்டி வை.

இதனுடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. டிசம்பரில் அவனுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்தது. நீ படி. அவனுக்குப் போட்டி முடிந்த பிறகு கொடு. முன்னால் கொடுக்காதே. யார் என்று தெரிந்துவிட்டால் அவரைக் கரை சேர்க்கப் போய்விடுவான். அவன் குணம் உனக்குத் தெரியும்.

அங்கே எட்டரை என்றால் இங்கே ஆறு. நான் மேலக்குளத்தில் இருப்பேன். அது என் வேலை. நாற்பத்தைந்து வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

மதினி

*

பினாங்கு
10-2-1985, இரவு

அன்புள்ள அக்காவுக்கு. நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன். கால் இரண்டும் என் சொல் கேட்கவில்லை, அவ்வளவுதான். தங்கத்தாய் ஏதோ உறை தர வேண்டும் என்று நிற்கிறாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன் என்றேன்.

கடலில் இறங்கிச் சிவப்பு மிதவைக்குப் பாதித் தூரம் போனேன். அவர் இருந்தார். நான் கண்ணை மூடாமலே அங்கே இருந்தார். மற்றவர்கள் எல்லாம் இடது பக்கம் மிதவையைப் பார்த்துப் போக, அவர் நேராக, வெளிக்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. பேர் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. படகிலிருந்து விசில் ஊதியது கேட்டது. எனக்கில்லை என்று நினைத்தேன்.

அப்போது யாரோ "முப்பத்தெட்டு" என்றார்கள்.

உங்கள் குரல்தான். ஆனால் இப்போதைய குரல் இல்லை. பாவாடை கட்டிய பிள்ளையின் குரல். முப்பத்தொன்பது, நாற்பது என்று தெளிவாக வந்தது. அவர் நின்றார். தலையைத் தூக்கினார். இத்தனை மாதமாகக் கேட்காதது கேட்டுவிட்ட முகம். நாற்பத்தொன்பது வரை அசையாமல் மிதந்தார். பிறகு "ஐம்பது. திரும்புலே" என்று கேட்டது. அதன் பின்னால் ஒரு பேரும் வந்தது, அலைச் சத்தத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பினார். ஒரு கை தூரத்தில் என்னைக் கடந்தார். எனக்கும் திரும்ப வேண்டும் போலத்தான் இருந்தது. உடம்பு பாதி திரும்பிவிட்டது. அது எனக்குச் சொன்னதில்லை, என் திருப்பம் சிவப்பு மிதவையில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வீச்சு, அடுத்த வீச்சு என்று இடது பக்கம் போனேன். திரும்பிப் பார்த்தபோது கடல் மட்டும் இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நல்ல பயம், போன வருஷத்துப் பயம். அதோடேயே நீந்தி முடித்தேன்.

சைக்கிளையும் ஓட்டத்தையும் பற்றிப் பிறகு எழுதுகிறேன். எனக்குப் பின்னால் வந்தவர் ஒரே ஒருவர், அவரும் கால் சுளுக்கியவர். ஆனால் முடித்தேன்.

ஏன் முப்பத்தெட்டிலிருந்து எண்ணினீர்கள்?

குற்றாலநாதன்

*

தென்காசி
25-2-1985

தம்பி குற்றாலநாதனுக்கு. காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் விடு. என் முழங்காலைக் கேட்காதே. ஈரக் கரையில் நின்றதற்கு இப்போது தண்டனை அனுபவிக்கிறது.

உறையைப் படித்திருப்பாய். இனிச் சொல்ல மிச்சம் அந்தக் காலைதான்.

ஆறு மணிக்கு மடைக்கல்லில் நின்றேன். ஒரு துண்டும் கொண்டுபோயிருந்தேன். சுடலையாண்டி கொஞ்சம் தள்ளி நின்றார். குளம் கண்ணாடி போலக் கிடந்தது. வாயைத் திறந்தால் நாக்கு "ஒன்று" என்றுதான் வந்தது. பழக்கம் அப்படி. அப்போதுதான், விட்ட எண்ணிக்கையை எங்கிருந்து தொடரச் சொல்வீர்கள் என்று முன்பு ஒரு பள்ளி ஆய்வாளர் என்னைக் கேட்டது ஞாபகம் வந்தது. ஒன்றிலிருந்து தொடங்குவது எண்ணுகிறவளுக்குச் சௌகரியம். கேட்டுக்கொண்டிருக்கிறவன் ஏற்கெனவே முப்பத்தேழு தூரம் போயிருக்கிறான். எனவே முப்பத்தெட்டு என்று தொடங்கினேன். ஐம்பது வரை நிறுத்தவில்லை. நடுவில், கரைக்குக் கீழே இருந்து யாரோ "ஏட்டி செண்பகம்" என்று கூப்பிட்டார்கள். அம்மா போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் பதில் சொல்லவில்லை.

"ஐம்பது. திரும்புலே பலவேசம்" என்றேன். அவன் பேரைச் சொன்னதும் நடுக்குளத்திலிருந்து ஒரு கோடு கிளம்பிக் கரையை நோக்கி நேராக வந்தது. வாத்து நீந்தினால் விழுமே, அப்படி ஒரு கோடு. சுடலையாண்டி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். "கரையேறிட்டாவ, டீச்சரம்மா. துண்ட வச்சிட்டு வாங்க, போவோம். திரும்பிப் பாக்காதிய" என்றார்.

பார்க்கவில்லை. மறுநாள் போனபோது துண்டு பிழிந்து, உதறி, மடைக்கல்லில் விரித்திருந்தது. பலவேசம் எப்போதும் அப்படித்தான் விரிப்பான்.

தங்கத்தாய்க்கு என் ஆசி. அந்த நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடு.

அக்கா செண்பகவல்லி

*

கடிதங்கள் அவ்வளவுதான். படித்தவர்கள் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். நாளை விடியும் நேரம், தண்ணீர் இருக்கிற இடம் ஒன்றில் நின்று, ஒன்றிலிருந்து ஐம்பது வரை சத்தமாக எண்ணுங்கள்; கேட்டுத் திரும்ப வேண்டியவர் யாராவது அங்கே இருக்கலாம். நடுவில் உங்கள் பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் ஐம்பதைச் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.